எங்கள் ஊர் பேரூராட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது 15 வார்டு கொண்ட ஒரு பேரூராட்சியில். ஒரு பேருந்து நிலையம், செவ்வாய்க்கிழமைச் சந்தை, இரண்டு மேல்நிலைத் தொட்டி, பாதி தூர்ந்துபோன ஒரு ஊருணி. பேரூராட்சி அலுவலகத்துக்கு அடிக்கடி போய் வருகிறவன் என்பதால் தெருவில் பார்க்கிறவர்கள் என்னை நிறுத்திக் கேட்கிறார்கள். கேட்டதையே பலரும் கேட்பதால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. சட்டம் என்ன சொல்கிறது என்பதோடு என் அபிப்பிராயத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

ரோடு புதிதாகப் போட்டார்கள். மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. இது யார் தப்பு?

எங்கள் வீட்டு வாசலில் தாத்தா காலத்தில் நான்கு கல்படி இருந்தது. மார்கழியில் அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு நாலு படி இறங்குவது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இன்று ஒரு படிதான் தெரிகிறது. மற்ற மூன்றும் ரோட்டுக்கு அடியில் போய்விட்டன. முதலில் தார், அதன்மேல் இன்னொரு தார், பிறகு சிமெண்ட், கடைசியாக பேவர் பிளாக். பழையதைச் சுரண்டி எடுக்காமல் ஒவ்வொரு முறையும் மேலே மேலே போட்டுக்கொண்டே வந்தார்கள். மழைத் தண்ணீர் பள்ளத்தைத் தேடும், இப்போது பள்ளமாக இருப்பது நம் வீடுதான். எதிர்வீட்டுப் பாட்டி ஐப்பசி பிறந்தால் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றி வைக்கிறார்.

பழைய சாலையைத் தோண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு எல்லாத் துறைகளுக்கும் அறிவுறுத்தினார். அது செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. அதற்குப் பிறகும் சின்ன ஊர்களில் சுரண்டாமல் போடுகிறார்கள் என்றால் காரணம் எளிது. சுரண்டுவதற்கு இயந்திரம் வேண்டும், அள்ளிய கழிவைக் கொட்ட இடம் வேண்டும், இரண்டு நாள் கூடுதலாகும். கேட்க ஆள் இல்லாத தெருவில் அந்த வேலையைத்தான் முதலில் விடுவார்கள்.

தப்பு யாருடையது என்று கேட்டால், ஒப்பந்ததாரர், மேற்பார்வையிட்ட பொறியாளர், தீர்மானம் போட்ட மன்றம், மூவருக்கும் பங்கு உண்டு என்பேன். ரோடு போட வந்த அன்று தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் உண்டு. அன்றைக்கு "சுரண்டிவிட்டுப் போடுங்கள்" என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.

கவுன்சிலருக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது?

தனி ஆளாகப் பார்த்தால் கொஞ்சம்தான். தெருவிளக்கு மாற்றச் சொல்லலாம், தண்ணீர் திறந்துவிடுகிறவரிடம் பேசலாம், அதிகாரிகள் கேட்பார்கள். ஆனால் அது செல்வாக்குதான், அதிகாரம் இல்லை. அதிகாரம் மன்றத்துக்கு இருக்கிறது, அதாவது எல்லாக் கவுன்சிலர்களும் சேர்ந்து உட்காரும் கூட்டத்துக்கு. வரவு செலவு, ஏலம், டெண்டர், வரி எல்லாம் அங்கே தீர்மானமாக வர வேண்டும்.

பல ஆண்டுகளாகக் கவுன்சிலர்கள் அமர்வுப்படி, அதாவது கூட்டத்துக்கு வந்தால் தரும் படி, மட்டும்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2023 ஜூலையில் மாத மதிப்பூதியம் அறிவித்தார்கள்: பேரூராட்சித் தலைவருக்கு 10,000 ரூபாய், துணைத் தலைவருக்கு 5,000, உறுப்பினருக்கு 2,500. நகராட்சி உறுப்பினருக்கு 5,000. என்னைக் கேட்டால் இது இன்னும் கூட வேண்டும். 2,500 ரூபாயில் ஒரு கூலித் தொழிலாளி கவுன்சிலராக இருந்து தினமும் வார்டைச் சுற்றி வர முடியாது. சொந்தமாக லாரியும் ஜல்லி வியாபாரமும் வைத்திருப்பவரால் முடியும். அப்படிப்பட்டவர்களே மறுபடி மறுபடி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மன்றக் கூட்டத்தில் என்னதான் நடக்கும்?

பின்வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். காலை 11 மணி. பொருள் பட்டியல் 37. எழுத்தர் எழுந்து பொருள் எண்ணை வாசிக்கத் தொடங்கினார். "மன்றத்தின் பார்வைக்கு", "மன்றத்தின் அனுமதிக்கு" என்று குரல் வேகமாக ஓடியது. பத்தாவது பொருள் வரும்போது முன்வரிசையிலிருந்து ஒருவர் "ஆல் பாஸ்" என்றார். மேஜையைத் தட்டினார்கள். எல்லாம் முடிய இருபத்தைந்து நிமிடம், அதில் வடை காபிக்கு ஐந்து நிமிடம்.

அந்த 37-இல் ஒன்பது பொருளில் ஒரே வாசகம் இருந்தது: அவசர அவசியம் கருதி, தலைவரின் முன் அனுமதி பெற்று செய்யப்பட்ட பணிக்கு மன்றம் அங்கீகாரம் அளிக்கிறது. அதாவது வேலை முடிந்துவிட்டது, செலவும் ஆகிவிட்டது, இப்போது கையெழுத்து மட்டும் பாக்கி. குழாய் உடைந்தால், புயல் அடித்தால் இப்படிச் செய்ய வேண்டியதுதான், காத்திருக்க முடியாது. ஆனால் பேருந்து நிலையத்துக்கு வெள்ளையடித்தது எந்த அவசரம்? அன்று ஒரே ஒரு உறுப்பினர், 11-ஆம் வார்டு அக்கா, அந்தக் கேள்வியைக் கேட்டார். பதில் வரவில்லை. ஆனால் அவர் கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறியது, அவரே நின்று ஏற்ற வைத்தார். அடுத்த கூட்டத்தில் அப்படிப்பட்ட பொருள் மூன்றுதான் வந்தது.

எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தக் கூட்டம் இப்படித்தான் நடக்கிறது. மேலே சண்டை போடுகிற இரண்டு கட்சிகளின் கவுன்சிலர்களும் கீழே டெண்டர் என்று வந்தால் ஒரே மேஜையில் உட்காருவதைப் பல ஊர்க்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சேர்மனை நாம் ஏன் நேரடியாகத் தேர்ந்தெடுக்க முடிவதில்லை?

முடிந்த காலம் இருந்தது. 1996, 2001, 2011 தேர்தல்களில் தலைவருக்குத் தனி ஓட்டுச் சீட்டு உண்டு. 2006-இல் கவுன்சிலர்கள் சேர்ந்து மறைமுகமாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2016-இல் மறைமுகம் என்றார்கள், 2018-இல் நேரடி என்றார்கள், 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம் ஆக்கினார்கள். 2022 மார்ச் 4-ஆம் தேதி அப்படித்தான் தலைவர்கள் தேர்வானார்கள். இத்தனை மாற்றத்தில் ஒரு தடவைகூட ஊர் மக்களை யாரும் கேட்கவில்லை.

மறைமுகத் தேர்தலுக்கு ஆதரவாகச் சொல்லும் வாதம் ஒன்று நியாயமானது. தலைவர் ஒரு கட்சி, பெரும்பான்மை இன்னொரு கட்சி என்றால் ஊர் வேலை நின்றுவிடும் என்கிறார்கள். சரி. ஆனால் மறைமுகத்தில் மட்டும் சண்டை நின்றதா? சங்கரன்கோவில் நகராட்சியில் 2025 ஜூலையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து தலைவர் பதவி இழந்தார். 2024 ஜூலையில் கோவையிலும் நெல்லையிலும் மேயர்கள் ராஜினாமா செய்தார்கள். அந்த இரண்டு மாநகராட்சியிலும் தலைமைப் பதவியும் பெரும்பான்மையும் ஒரே அணியிடம்தான் இருந்தன.

நான் நேரடித் தேர்தல் பக்கம். எட்டு கவுன்சிலர் கையில் இருந்தால் 15 வார்டு பேரூராட்சிக்குத் தலைவர் ஆகிவிடலாம் என்றால், அந்த எட்டுப் பேரைத் திருப்தியாக வைத்திருப்பதுதான் தலைவரின் முழுநேர வேலையாகிவிடும். ஊர் முழுக்க ஓட்டுக் கேட்டு வந்தவர் மற்ற ஏழு வார்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

தலைவர் ஒரு பெண். ஆனால் நாற்காலிக்குப் பக்கத்தில் அவர் கணவர்தான் உட்கார்ந்திருக்கிறார். இது சரியா?

சரியில்லை. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கி 2016-இல் சட்டம் திருத்தினார்கள். சட்டப்படி கணவருக்கு அலுவலகத்தில் எந்த இடமும் கிடையாது, கோப்பைத் தொடும் உரிமையும் கிடையாது.

ஆனால் இதற்காகப் பெண்களைக் குறை சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் கணவரிடம் மனுக் கொடுக்கப் போவது நாம்தான். "அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், பார்த்துக்குவாரு" என்று திரும்பி வருகிறோம். மனுவைத் தலைவர் கையில் கொடுங்கள், கேள்வியை அவரிடம் கேளுங்கள், பதிலுக்கு அவர் முகத்தைப் பாருங்கள். இரண்டு வருடம் வாய் திறக்காமல் இருந்த ஒரு உறுப்பினர்தான் நான் மேலே சொன்ன 11-ஆம் வார்டு அக்கா. வார்டுப் பெண்கள் தண்ணீருக்காக நேராக அவர் வீட்டுக்கே போகத் தொடங்கிய பிறகுதான் அவர் பேச ஆரம்பித்தார்.

வீட்டு வரியை இப்படி ஏற்றினார்களே, இது அநியாயம் இல்லையா?

உயர்வு பெரியதுதான். 2022 ஏப்ரலில், எங்களைப் போன்ற ஊர்களில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று ஏற்றினார்கள். அதற்கு முன் சென்னை தவிர்த்த ஊர்களில் 2008-க்குப் பிறகு பொதுச் சீராய்வு நிலைக்கவில்லை. 2018-இல் ஏற்றினார்கள், 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். பதினான்கு வருடம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் ஏற்றியதுதான் தப்பு. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது.

ஏற்றியதற்கு ஒரு பின்னணியும் உண்டு. சொத்து வரியைச் சீராய்வு செய்தால்தான் மானியம் என்று மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை வைத்தது. அந்த மானியம் இல்லாமல் சின்ன ஊர்களில் குடிநீர் வேலை நடக்காது.

என் கருத்தைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது: வரி கட்டத்தான் வேண்டும். எனக்கு அதைவிடக் கோபம் அளவு விஷயத்தில். 700 சதுர அடி ஓட்டு வீட்டைச் சரியாக அளந்து வரி போடுகிறார்கள். கடைத்தெருவில் மூன்று மாடி கட்டியவருக்கு இன்னும் தரைத்தளத்துக்கு மட்டும் ரசீது வருகிறது. தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தாலே தெரிவது பில் கலெக்டருக்கு மட்டும் தெரியாமல் போகாது. சதவீதத்தைக் குறைக்கச் சொல்லிப் போராடுவதற்கு முன் எல்லாக் கட்டடத்தையும் மறுபடி அளக்கச் சொல்லிப் போராடலாம் என்பது என் யோசனை.

வரிப் பணம் எல்லாம் எங்கே போகிறது?

சம்பளம், ஓய்வூதியம், மோட்டார் ஓடும் மின்கட்டணம், தெருவிளக்கு மின்கட்டணம், குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டியது. இவ்வளவுக்கும் போனபின் மிஞ்சுவது சொற்பம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கி வருகிறார்கள், ஊர் ஓடுவது பெரும்பாலும் அதில்தான். 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் (2021-26) 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழிக்க வேண்டும் என்று கட்டி வைத்திருந்தார்கள். அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பன்னிரண்டாவது அட்டவணையில் நகர உள்ளாட்சிகளுக்கு 18 பொறுப்புகளைப் பட்டியல் போட்டது. பொறுப்பு வந்தது, பணமும் ஆளும் அந்த அளவுக்கு வரவில்லை.

ஆகவே கணக்கைப் பார்க்கிற உரிமை ரொம்ப முக்கியம். உத்திரமேரூர் இன்றைக்கு ஒரு பேரூராட்சி. அங்கே பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, வாரியத்தில், அதாவது ஊர்க் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் மறுபடி தேர்ந்தெடுக்கக் கூடாது என்கிறது. அந்தச் சபை நிலமுள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமானது, அதைப் பெருமையாகப் பேச எனக்கு மனம் இல்லை. ஆனால் கணக்குக் காட்டாதவர் வீட்டிலிருந்து யாரும் நிற்கக் கூடாது என்ற அந்த ஒரு விதி இன்றைய வேட்புமனுவில் இருந்தால் எங்கள் மாவட்டத்தில் பல தெருக்கள் வேறு மாதிரி இருக்கும்.

குப்பைக்கு என்ன வழி?

பிரித்துக் கொடுங்கள். 2016-இல் வந்த திடக்கழிவு விதிகளே அதைச் சொல்லிவிட்டன. நாம் பிரித்துக் கொடுத்தும் வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்கள் என்ற புகார் உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். அதற்கு வண்டி தள்ளும் அம்மாவிடம் சண்டை போடாதீர்கள். அவர் ஒப்பந்தக் கூலி. கையுறை கிழிந்துபோய் மூன்று மாதமாக மாற்றித் தரவில்லை என்று கையை விரித்துக் காட்டினார், சுண்டுவிரலில் பிளேடு கிழித்த தழும்பு. அந்தப் பிளேடு எங்கள் தெருக் குப்பையில் வந்தது.

கழிவறைத் தொட்டிக் கழிவை இரவில் ஓடையில் கொட்டிவிட்டுப் போகும் லாரிகள் இன்னொரு பிரச்சினை. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழி ஒரு சின்னப் பேரூராட்சி. 2017-இல் அங்கே கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்தது, மதுராந்தகத்துக் கழிவும் அங்கே போகிறது. பேரூராட்சியில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு நான் அந்த ஊரைத்தான் காட்டுவேன்.

சந்தையில் கீரை விற்கும் பாட்டியிடம் ரசீது இல்லாமல் காசு வாங்குகிறார்களே?

சந்தை வசூலை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் நிர்ணயித்த கட்டணத்தைத்தான் வாங்க வேண்டும். அந்தக் கட்டணப் பலகை சந்தை வாசலில் இருக்க வேண்டும். பலகை இல்லை என்றால் அதுதான் முதல் மனு. தலைச்சுமைக்கு எவ்வளவு, கூடைக்கு எவ்வளவு என்று எழுதியிருந்தால் பாட்டியே எண்ணிக் கொடுத்துவிடுவார். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி ஊருக்கு ஒரு விற்பனைக் குழு வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டுப் பாருங்கள்.

நகராட்சி ஆக்கினால் ஊர் முன்னேறுமா?

பெயர்ப்பலகை மாறும், ஆணையர் வருவார், திட்ட நிதி கூடும். பக்கத்து ஊராட்சிகளைச் சேர்த்தால் அங்கே நூறு நாள் வேலை என்று நாம் சொல்லும் ஊரக வேலைத் திட்டம் நின்றுவிடும், அது கிராமப்புறத்துக்கு மட்டுமே. அந்த வேலையை நம்பியிருக்கும் பெண்கள் எதிர்ப்பதில் முழு நியாயம் இருக்கிறது. அவர்களைக் கேட்காமல் செய்யக் கூடாது.

தேர்தலே நடக்காமல் அதிகாரிகள் நடத்தினால் ஊழல் குறையும் அல்லவா?

அந்த அனுபவமும் நமக்கு இருக்கிறது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. நகர்ப்புறத்துக்கு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ஆம் தேதிதான் நடந்தது. இடையில் ஐந்து வருடத்துக்கும் மேல் அரசு நியமித்த தனி அலுவலர்கள் காலம். அப்போது எங்கள் தெருவில் தண்ணீர் ஒன்பது நாள் வரவில்லை. யாரிடம் போவது என்றே தெரியவில்லை. கவுன்சிலர் என்று ஒருவர் இருந்தால் அவர் வீட்டு வாசலில் குடத்தோடு உட்காரலாம். அதிகாரி வேறு ஊரிலிருந்து வந்து போகிறவர்.

2022 மார்ச் 2-இல் பதவியேற்ற மன்றங்களுக்கு ஐந்து ஆண்டுதான் காலம். அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். 28 மாவட்டங்களில் உள்ள ஊரக உள்ளாட்சிகளுக்கு 2025 ஜனவரி 5-இல் காலம் முடிந்து மறுபடி தனி அலுவலர்கள் கைக்குப் போனதைப் பார்த்துவிட்டோம். நமக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று இப்போதே கேட்க வேண்டும்.

கிராம சபை மாதிரி நமக்கு ஏதாவது உண்டா?

உண்டு, ஏரியா சபை. 2022-இல் விதிகள் வந்தன, அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி முதல் முறையாகக் கூடியது. எங்கள் வார்டில் ஒரு தடவை நடந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் பதினான்கு பேர், அதில் ஐந்து பேர் அலுவலக ஊழியர்கள். முதல் நாள் இரவு ஒரு ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லியிருந்தால் நூறு பேர் வந்திருப்பார்கள். அடுத்த சபை எப்போது என்று கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள்.

சரி, நான் ஒரு ஆள். என்ன செய்ய முடியும்?

ஒரே ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள், உங்கள் தெரு ரோடு போதும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். கேட்க வேண்டியவை: மதிப்பீடு, பணி உத்தரவு, செய்த வேலையை அளந்து எழுதும் அளவைப் புத்தகத்தின் நகல், அந்த வேலைக்கான மன்றத் தீர்மானம். "ஊழல் நடந்ததா" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வராவிட்டால் மேல்முறையீடு, அதற்கும் வராவிட்டால் மாநிலத் தகவல் ஆணையம். முதல்வர் உதவி மையத்தின் 1100 எண்ணில் புகார் சொன்னால் பதிவு எண் கிடைக்கும், அதையும் மனுவில் எழுதுங்கள்.

நான் கேட்டேன். அளவைப் புத்தக நகல் 41-ஆம் நாள் வந்தது. எங்கள் தெருவுக்குப் பழைய தளத்தைச் சுரண்டி அகற்றியதாகத் தனிப் பதிவு இருந்தது, அதற்குத் தொகையும் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளையும், ஒரு படி மட்டும் தெரியும் எங்கள் வாசலின் போட்டோவையும் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் கொடுத்தோம். நானும் எதிர்வீட்டுப் பாட்டியும் இன்னும் ஆறு பேரும் போனோம். இரண்டு வாரம் கழித்து ஒரு உதவிப் பொறியாளர் டேப்போடு வந்து எங்கள் படியை அளந்துகொண்டு போனார். பக்கத்துத் தெருவில் போன மாதம் ரோடு போட்டபோது சுரண்டும் இயந்திரம் வந்தது. எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை, அடுத்த மனு எழுதி வைத்திருக்கிறேன்.